அப்பாவின் மூச்சு மெஷின்: வாடகைக்கா, சொந்தமாகவா?

செம்பனை மகள் (சுங்கை சிப்புட்)

அப்பாவுக்கு 54 வயது. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். குறட்டை எங்கள் வீட்டில் பழகிப்போன சத்தம்தான். ஆனால் இப்போது குறட்டை நடுவிலேயே நின்றுவிடுகிறது. வீடு அமைதியாகிவிடும். அப்புறம் தண்ணீரில் முங்கினவர் மேலே வந்த மாதிரி ஒரு இழுப்பு. அந்த அமைதிக்குத்தான் அம்மா பயந்து பயந்து எழுந்து உட்காருகிறார்.

போன மாதம் ஈப்போவில் தூக்கப் பரிசோதனை செய்தோம். மணிக்கு 42 தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது. இதற்கு ஸ்லீப் அப்னியா என்று பெயராம். 30 ஆனாலே கடுமை என்றார் டாக்டர். தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சீபேப் (CPAP) மெஷின் போட்டே ஆக வேண்டும்.

கடையில் சொன்ன விலை: வாங்கினால் 3,900 வெள்ளி (ரிங்கிட்). வாடகை என்றால் மாதம் 300. மாஸ்க் எப்படியும் நாம்தான் வாங்க வேண்டும், 450. காப்புறுதி ஏஜெண்ட், "வாங்கிடுங்க, ரசீதை அனுப்புங்க, மெடிக்கல் கார்டுல கிளைம் பண்ணிடலாம்" என்று குரல் பதிவு அனுப்பினார். அம்மாவும் வாங்கு என்கிறார். எனக்குத்தான் மனம் துணியவில்லை. நீங்கள் என்ன செய்தீர்கள்?

லயத்துப் பிள்ளை

வாங்கிவிடு தங்கச்சி. இது ஒரு மாதம் மருந்து குடித்துத் தீர்கிற நோய் இல்லை. மெஷின் போட்டிருக்கும்வரைதான் மூச்சுக்குழாய் திறந்திருக்கும். கழற்றி வைத்தால் அன்று ராத்திரியே பழைய நிலைதான். அப்பா இதைப் பல வருஷம் போட வேண்டும். 13 மாத வாடகையில் மெஷினே வந்துவிடும். 14-ஆம் மாதத்தில் கையில் என்ன இருக்கும்?

நம் ஆட்களுக்கு இது தெரியாததா? என் தாத்தா தோட்டத்து வீட்டில் 40 வருஷம் இருந்தார். தோட்டம் கைமாறினதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஒரு ஓடுகூட அவருடையது இல்லை. வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, அமைச்சராக இருந்த நம் ஊர்க்காரர் துன் சம்பந்தன் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்க்கச் சொல்லி 1960-இல் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார். எதற்கு? தொழிலாளிக்குச் சொந்தம் என்று ஒன்று இருக்க வேண்டும் என்றுதானே.

நாலாம் கட்டை

அண்ணே, அந்தச் சங்கம் வாங்கியது நிலம். நிலம் தேயாது. இது மோட்டார், தேயும்.

நான் வாங்கி ஏமாந்தவன், அதனால் சொல்கிறேன். முதல் நாளே முழுப் பணம் கட்டி வாங்கினேன். மூக்கை மட்டும் மூடும் மாஸ்க் கொடுத்தார்கள். நான் வாயைத் திறந்து தூங்குகிறவன். காற்றெல்லாம் வாய் வழியே போய்விட்டது. அப்புறம் மூக்கும் வாயும் சேர்ந்து மூடுவது வாங்கினேன். மீசையும் தாடியும் இருந்ததால் ஓரத்தில் கசிவு. மூன்றாவது மாஸ்க்தான் பொருந்தியது. அதற்குள் ஐந்து மாதம் மெஷின் அலமாரி மேல் கிடந்தது. கடையில் திருப்பி எடுக்க முடியாது என்றுவிட்டார்கள்.

முதல் இரண்டு மாதம் வாடகைக்கு எடு. அப்பா போட்டுத் தூங்குகிறாரா என்று முதலில் பார். 600 வெள்ளி போகும். 3,900-ஐ அலமாரியில் வைப்பதைவிட அது மேல்.

லயத்துப் பிள்ளை

உனக்குத் தொந்தரவு கொடுத்தது மாஸ்க் தம்பி, மெஷின் இல்லை. வாடகைக்கு எடுத்திருந்தாலும் மூன்று மாஸ்க் வாங்கித்தான் இருப்பாய். அதோடு வாடகை மெஷின் எத்தனை பேர் மூச்சு போய் வந்ததோ.

பினாங்குக்காரன்

என் மச்சான் அமெரிக்காவில் இருக்கிறார். அவர் மாமனாருக்குக் காப்புறுதியே 13 மாதம் வாடகை கட்டியதாம். அப்புறம் மெஷின் அவருக்கே சொந்தம். இங்கேயும் அப்படிக் கேட்கலாமே?

தாதி அக்கா (கோலகங்சார்)

அது அங்கே முதியவர்களுக்கு அரசு நடத்தும் மெடிகேர் திட்டத்தின் விதி. அதிலும் 20 விழுக்காடு நோயாளி கையிலிருந்து போகும். முதல் மூன்று மாதம் சோதனைக் காலம். அதற்குள் தொடர்ச்சியான 30 நாளில் 70 விழுக்காடு இரவுகள், இரவுக்கு 4 மணி நேரமாவது போட்டிருக்க வேண்டும். மெஷினே கணக்கு வைத்திருக்கும். போடவில்லை என்றால் பணம் நிற்கும். நம் நாட்டு மெடிக்கல் கார்டில் இந்த விதி எதுவும் கிடையாது. ஆனால் அந்த 4 மணி நேரக் கணக்கை வீட்டில் நாமே வைத்துக்கொள்ளலாம். போடுகிறாரா இல்லையா என்பது முதல் சில வாரத்திலேயே தெரிந்துவிடும்.

இப்போது தங்கச்சிக்கு. உன் ஏஜெண்ட் பேச்சுதான் எனக்கு உறுத்துகிறது. மெடிக்கல் கார்டு என்பது பெரும்பாலும் வார்டில் சேர்ந்தால், அறுவை சிகிச்சை நடந்தால் கட்டுவது. வீட்டுக்குக் கொண்டுபோகும் கருவியைப் பல கார்டுகள் விலக்குப் பட்டியலிலேயே போட்டிருக்கும். சில கார்டுகளில் வீட்டு மருத்துவக் கருவிக்கென்று தனி வரம்பு இருக்கும். அதிலும் வாங்கினால் மட்டுமா, வாடகைக்குமா என்று பார்க்க வேண்டும். பாலிசிப் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைப் படி. அப்புறம் கம்பெனிக்கே ஈமெயில் போடு: டாக்டர் கடிதம், பரிசோதனை அறிக்கை, கடையின் விலைப்பட்டியல் மூன்றையும் இணைத்து, வாங்கினால் எவ்வளவு, வாடகைக்கு எவ்வளவு என்று கேள். பதில் எழுத்தில் வரும்வரை ஒரு வெள்ளி கட்டாதே. குரல் பதிவு கம்பெனியின் வாக்கு ஆகாது. என் வார்டில் இதை நம்பிக் கடன் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பினாங்குக்காரன்

அந்தக் கார்டில் கிடைக்காவிட்டால் புதிதாக ஒன்று எடுத்து, பரிசோதனை செய்ததைச் சொல்லாமல் விட்டால்?

தாதி அக்கா

வேண்டாம் தம்பி. தெரிந்த நோயை மறைத்தால் நாளைக்கு மாரடைப்புக்குக் கேட்கும்போது அதையே காட்டி மறுப்பார்கள். ஸ்லீப் அப்னியா உள்ளவருக்கு ரத்த அழுத்தமும் இதயக் கோளாறும் கூடவே வரக்கூடியவை. 3,900 வெள்ளிக்காகப் பெரிய பாதுகாப்பை உடைக்காதீர்கள்.

ரப்பர் பால்

ஏன் இந்தச் சண்டை? இணையத்தில் பழைய மெஷின் 1,000 வெள்ளிக்குக் கிடைக்கிறது. அதை வாங்கலாம்.

நாலாம் கட்டை

பழையது வாங்குவதானால் எந்த மாடல் என்று பாருங்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் கம்பெனி தன் முதல் தலைமுறை டிரீம்ஸ்டேஷன் உட்படப் பல மெஷின்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சத்தம் குறைக்க உள்ளே வைத்த நுரை சிதைந்து, துகள் மூச்சோடு போகலாம் என்பதுதான் காரணம். அந்த மாடல்கள் யார் கையிலாவது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கலாம். வாங்கினால் உத்தரவாதமும் கிடையாது, அழுத்தம் சரியாக வைத்துத் தர ஆளும் கிடையாது.

லயத்துப் பிள்ளை

இதில் நானும் தம்பி பக்கம்தான். வாங்கினால் புதிது, அதுவும் இங்கே பதிவான கருவி. ஆனால் வாடகை விஷயத்தில் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பார்க்கலாம், பார்க்கலாம் என்றால் இரண்டு மாதம் ஆறு மாதம் ஆகிவிடும். நம் வீடுகளில் தவணைக்கு எடுத்த சாமான் எல்லாம் அப்படித்தான் இழுத்தது. பணம்தான் தடை என்றால், அப்பாவுக்கு 50 தாண்டிவிட்டது. இபிஎஃப் சேமநிதியில் அக்காவுன் செஜாத்ரா என்ற கணக்கில் உள்ளதை எடுக்கலாம்.

தாதி அக்கா

எடுக்கலாம்தான். ஆனால் அது அவர் வயதான காலத்துப் பணம். மெஷின் பொருந்துகிறது என்று தெரிந்தபின் எடுத்தால் மனம் உறுத்தாது. இழுத்துவிடும் என்று அண்ணன் சொல்வது சரி. அதனால் தேதி குறித்துவிடு தங்கச்சி. வாடகை எட்டு வாரம், அதற்கு மேல் ஒரு நாள் இல்லை. வாங்கினால் கட்டின வாடகையைக் கழிப்பார்களா என்று கடையில் எழுதி வாங்கு. மாஸ்க், குழாய், வடிகட்டி புதிதாக இருந்தால் பிறர் மூச்சு என்ற கவலை பெரும்பாலும் இல்லை. மெஷினை நன்றாகச் சுத்தம் செய்தார்களா என்றும் கேள்.

இன்னொன்று, நீங்கள் யாரும் பேசாதது. அவர் லோரி ஓட்டுகிறார். பகலில் ஸ்டீயரிங் பிடித்தபடி கண் செருகுகிறதா? வாடகையா சொந்தமா என்பதைவிட எனக்கு அதுதான் அவசரம்.

செம்பனை மகள்

அக்கா, அதைக் கேட்டதும் அப்பாவிடம் நேராகக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், போன வருஷம் ஆலைக்குப் போகிற வழியில் லோரி ஓரத்துப் புல்லில் இறங்கியதைச் சொன்னார். எங்களிடம் இவ்வளவு நாள் சொல்லவே இல்லை. அம்மா அழுதுவிட்டார்.

காப்புறுதிக் கம்பெனியின் பதில் நேற்று ஈமெயிலில் வந்தது. எங்கள் கார்டில் வீட்டுக் கருவிக்கு எதுவும் இல்லை, வாங்கினாலும் இல்லை, வாடகைக்கும் இல்லை. ஏஜெண்ட் பேச்சை நம்பி வாங்கியிருந்தால் அந்த 3,900 எங்கள் தலையில்தான்.

எட்டு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்துவிட்டோம். வாங்கினால் இரண்டு மாத வாடகையையும் கழிப்பதாகக் கடைக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அப்பா தோட்டத்து எழுத்தர் கிராணியிடம் பேசி இரண்டு வாரம் லோரி ஓட்டாமல் தராசு வேலைக்கு மாறியிருக்கிறார். முதல் ராத்திரி இரண்டு மணிக்கே மாஸ்க்கைக் கழற்றி எறிந்தார். மூன்றாம் ராத்திரி ஐந்து மணி வரை போட்டிருந்தார். அம்மா அன்றைக்குத்தான் ஒரே தூக்கமாகத் தூங்கினார்.

நாலாம் கட்டை

கசிவு இருக்கிறதா என்று தினமும் மெஷின் திரையில் பார். அப்பாவுக்கு மீசை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடு, மாஸ்க் மாற்ற வேண்டி வரும்.

லயத்துப் பிள்ளை

மாதம் 300 கட்டுவது எனக்கு இன்னும் வலிக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் ஐந்து மணி வரை போட்டிருந்தார் என்பது பெரிய விஷயம். எட்டு வாரம் முடிகிற அன்றைக்குச் சொல்லு தங்கச்சி. ஈப்போவுக்கு நானும் வருகிறேன், 3,900-க்குக் கீழே விலை பேச.