அகத்தியர்கூடம் ஷூ பஞ்சாயத்து

குழு: பொதிகை – பிப்ரவரி பயணம்

சனிக்கிழமை

அத்தான்: அகத்தியர்கூடம் மலையேற்றத்துக்கு எல்லாருக்கும் இடம் கிடைத்துவிட்டது. கேரள வனத்துறை அனுப்பிய அனுமதிச் சீட்டை மேலே போட்டிருக்கிறேன். அடுத்த வேலை ஷூ. கணுக்கால் வரை மூடுகிற தோல் பூட்ஸ் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், வாட்டர்ப்ரூஃப். வாங்கிவிடவா?

சித்தப்பா: அவசரப்படாதீங்க மாப்பிள்ளை. நடை ஆரம்பிக்கிற போணக்காட்டிலிருந்து அதிருமலை முகாமுக்கே 14, 15 கிலோமீட்டர். மறுநாள் உச்சிக்கு ஏறி இறங்க வேண்டும், அதற்கு மறுநாள் வந்த வழியே திரும்ப வேண்டும். கரமனையாறு, அட்டையாறு என்று வழியெல்லாம் ஓடை. வாட்டர்ப்ரூஃப் ஷூவுக்குள் மேல் வழியாகத் தண்ணீர் புகுந்தால் வெளியே போக இடமில்லை, நாள் முழுக்க ஊறின காலோடு நடக்க வேண்டியதுதான். மலைப்பாதைக்கென்றே செய்த, வலைத்துணி வைத்த ட்ரெயில் ஷூவும் நனையும். ஆனால் நடக்க நடக்கத் தண்ணீர் வெளியேறிவிடும், சீக்கிரம் காய்ந்தும் விடும்.

அத்தான்: கால் பிசகினால்? பூட்ஸ் என்றால் கணுக்காலுக்குப் பாதுகாப்பு இல்லையா சித்தப்பா?

சித்தப்பா: 15, 20 கிலோ தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அது சரி. முகாமிலேயே சாப்பாடு கிடைக்கும், நம் பை 6 கிலோ தாண்டாது. உயரமான ஷூ தொளதொளவென்று இருப்பதைவிட, குதிகாலை அசையவிடாமல் பிடிக்கிற தாழ்ந்த ஷூ மேல். அப்புறம் எடை. தோல் பூட்ஸ் ஜோடி ஒரு கிலோவுக்கு மேலே போகும். ட்ரெயில் ஷூ ஜோடி 600 கிராம் பக்கம். மூன்று நாளில் எத்தனை ஆயிரம் தடவை அந்த எடையைத் தூக்கி வைக்கப் போகிறீங்க, யோசிச்சுப் பாருங்க.

பெரியப்பா: நாங்கள் பாபநாசம் பக்கமாக ஏறின காலத்தில் ஷூவும் கிடையாது, சோலும் கிடையாது. உச்சியில் அகத்தியர் முன்னால் எப்படியும் கழற்றத்தானே போகிறீர்கள்.

சித்தப்பா: அண்ணே, உங்கள் பாதம் வேற. வருடம் முழுக்க ஏசி அறையில் இருக்கிற பாதத்தை வெறுங்காலோடு கூட்டிக்கொண்டு போனால் அதிருமலையிலேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

பெரியப்பா: 😂 சரி, நடத்துங்கள்.

தம்பி: ஹோகா ஸ்பீட்கோட் ட்ரெயில் ஷூ 40 சதவீதம் தள்ளுபடி!! இன்று ராத்திரியோடு முடிகிறது. என் அளவு 9. போடட்டுமா?

சித்தப்பா: எந்த 9?

தம்பி: 9 தான். காலேஜ் ஷூ 9.

சித்தப்பா: யூகே 9ஆ, யூஎஸ் 9ஆ? ஆண்கள் ஷூவில் யூஎஸ் 9 என்பது யூகேயில் 8 ஆகவும் இருக்கும், எட்டரையாகவும் இருக்கும், கம்பெனியைப் பொறுத்து. அந்த நம்பரை விடு. ஷூ நாக்கின் உள்பக்கச் சீட்டில் சென்டிமீட்டர் கணக்கு போட்டிருப்பார்கள். அதுதான் நமக்கு வேண்டியது. முதலில் காலை அள.

எல்லாரும் கேளுங்கள். இன்று சாயங்காலம், காலையில் இல்லை. நாள் முழுக்க நடந்தபின் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் இருக்கும். மலைக்குப் போடப்போகிற சாக்ஸைப் போட்டுக்கொண்டு, காகிதத்தின் மேல் குதிகால் சுவரில் ஒட்டுகிற மாதிரி நில்லுங்கள். உட்கார்ந்து அளந்தால் பாதம் குட்டையாகக் காட்டும். இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்: சாக்ஸ் பருத்தி பரவாயில்லையா?

சித்தப்பா: வேண்டவே வேண்டாம். நனைந்தால் காயாது, கொப்புளம் போடும். கம்பளி கலந்ததோ சிந்தெடிக்கோ வாங்கு.

அக்கா (இரவு 8:40): இடது 24.3, வலது 24.8. ஆனால் என் தொல்லை நீளம் இல்லை சித்தப்பா. லேடீஸ் ஷூ எதைப் போட்டாலும் சுண்டுவிரலைக் கடிக்கிறது. அகலத்துக்காக ஒரு அளவு பெரியதாக வாங்கினால் குதிகால் கழல்கிறது.

சித்தப்பா: சின்ன வயதிலிருந்தே செருப்பும் வெறுங்காலுமாக இருந்த பாதம் அகலமாகத்தான் இருக்கும், அது குறை இல்லை. அகலத்துக்காக நீளத்தைக் கூட்டாதே, அங்கேதான் வம்பு. பெண்கள் ஷூவில் சாதாரண அகலத்துக்கு ‘பி’ என்று எழுத்து, ஆண்கள் ஷூவில் ‘டி’. அதனால் ஆண்கள் பக்கம் போய்ப் பார். உன் கணக்குக்குச் சீட்டில் 25.5 போட்ட ஜோடியிலிருந்து ஆரம்பி, யூகே ஆறரை அல்லது 7 பக்கம் வரும். அதிலும் இடிச்சால், நியூ பேலன்ஸில் ‘2ஈ’ என்று இன்னும் அகலமானது சில மாடலில் உண்டு.

அக்கா: ஆல்ட்ரா லோன் பீக் என்று ஆபீஸில் ஒரு பெண் சொன்னாள். முன்பக்கம் விசிறி மாதிரி விரிந்திருக்கிறது, பார்க்கவே விரலுக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

சித்தப்பா: நல்ல ஷூதான். ஆனால் அதில் குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரம். நாம் தினமும் போடுகிற ஷூவில் குதிகால் 8, 10 மில்லிமீட்டர் தூக்கியிருக்கும். சட்டென்று மாறினால் கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் பிடித்துக்கொள்ளும். ஆறு மாதம் முன்னால் கேட்டிருந்தால் வாங்கு என்றிருப்பேன். இப்போது மூன்று வாரம்தான் இருக்கிறது.

தம்பி: என் கால் 26.9. அந்தத் தள்ளுபடி யூஎஸ் 9க்கு மட்டும்தான், சீட்டுக் கணக்கில் 27. பத்துமா?

சித்தப்பா: அவ்வளவு நெருக்கமான ஷூவோடு ஏழு மடக்கு தேரிச் சரிவில் இறங்கிப் பார், பெருவிரல் நகம் இரண்டும் கறுத்துப்போகும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை

நான்: கடையில் இருக்கிறோம். சால்மன் ஸ்பீட்கிராஸ் பிடித்திருக்கிறது. அடியில் பல் நன்றாக ஆழமாக இருக்கிறது, வழுக்காது இல்லையா?

சித்தப்பா: சேற்றுக்கு அது ராஜா. ஆனால் முகாமுக்கு மேலே பொங்கலப்பாறை, அப்புறம் வடத்தைப் பிடித்து ஏறுகிற வழுக்குப் பாறை. அங்கே பல் எதிலும் குத்தி இறங்காது, ரப்பர் எவ்வளவு பாறையில் படுகிறதோ அவ்வளவுதான் பிடிப்பு. 4 மில்லிமீட்டர் பக்கம் பல், ஒன்றோடொன்று நெருக்கமாக இருக்கிறதாகப் பார். அடியில் விப்ரம் மெகாகிரிப் என்கிற ரப்பரின் மஞ்சள் முத்திரை இருந்தால் ஈரப்பாறைக்கு நல்லது.

அக்கா: ஆண்கள் ஷூ போட்டுப் பார்த்தேன். உள்ளே இருக்கிற இன்சோலை வெளியே எடுத்து அதன்மேல் நின்றேன், நீங்கள் போனில் சொன்ன மாதிரி. சுண்டுவிரல் வெளியே வழியவில்லை!

சித்தப்பா: அருமை. குதிகால்?

அக்கா: லேசாகத் தூக்குகிறது.

சித்தப்பா: லேஸ் முடிகிற இடத்தில், கணுக்காலை ஒட்டி, சும்மா விட்ட ஓட்டை ஒன்று இருக்கும். அதற்குள் லேஸை அதே பக்கமாக நுழைத்து ஒரு வளையம் செய். எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் விட்டு, கீழ்நோக்கி இழுத்துக் கட்டு. அப்புறம் கடை வாசலில் சக்கர நாற்காலிக்கான சரிவு இருந்தால் வேகமாக இறங்கு. விரல் முன்னால் இடிக்கிறதா?

அக்கா: இடிக்கவில்லை. குதிகாலும் இப்போது அசையவில்லை. வாட்ச்மேன் ஒரு மாதிரி பார்க்கிறார்.

அத்தான்: எனக்கு ஓரத்தில் கொஞ்சம் அழுத்துகிறது. போகப் போக இளகிவிடும் என்கிறார் கடைப் பையன்.

சித்தப்பா: தோல் இளகும் மாப்பிள்ளை. இந்த நைலான் வலை பெரிதாக இளகாது. கடையில் அழுத்துகிறது மலையில் அறுக்கும். வேற ஜோடி கேளுங்க, வெட்கப்படாதீங்க.

அத்தான்: ஆறாவது ஜோடி. பையன் ஸ்டூலை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிட்டான்.

பெரியப்பா: பெண் பார்க்கப் போனபோதுகூட மாப்பிள்ளை இத்தனை யோசிக்கவில்லை.

அக்கா: பெரியப்பா!!

அத்தான்: கிடைத்துவிட்டது. சாம்பல் நிறம், பார்க்க ஒன்றும் சுகமில்லை, ஆனால் போட்டதே தெரியவில்லை.

சித்தப்பா: அதுதான் வேண்டும். இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே போட்டு நடங்க. சோலில் மண் படாமல் பில்லோடு கொண்டுபோனால் மாற்றித் தருவார்களா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்க.

நான்: மாற்றித் தருவார்களாம், 15 நாளுக்குள்.

தம்பி: நான் 28 போட்ட ஜோடி எடுத்துவிட்டேன். தள்ளுபடி இல்லை. 😢

சித்தப்பா: அடுத்த ஞாயிறு காலை 6 மணிக்கு மருத்துவாழ்மலை அடிவாரம். புது ஷூ, அதே சாக்ஸ், அதே பை. ஏறும்போது எந்த ஷூவும் நன்றாகத்தான் இருக்கும், இறங்கும்போது பார்ப்போம். நகம் வெட்டிக்கொண்டு வாருங்கள்.

அக்கா: இட்லி என் பொறுப்பு. பெரியப்பா, நீங்களும் வாருங்கள்.

பெரியப்பா: வருகிறேன். மிளகாய்ப்பொடி நல்லெண்ணெயில் குழைத்துக் கொண்டு வா.