'ஃப்ரெஷ்லி ரோஸ்டட் காஃபி': நடுவில் சிறுகோடு வருமா?

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்):
ஏற்காடு விடுதி ஒன்றின் ஆங்கில நோட்டீஸ் அச்சுக்குப் போகணும். 'லேக்-ஃபேசிங் ரூம்ஸ்', 'ஃப்ரெஷ்லி-ரோஸ்டட் காஃபி', 'எ ட்வென்டி-ஹேர்பின்-பென்ட்ஸ் ரோடு', 'தி எஸ்டேட் இஸ் வெல்-நோன்'. இதில் எந்தெந்தக் கோடு தப்பு?

பதில் 1:
முதலாவது சரி. இரண்டாவதில் கோட்டை எடுங்க. 'லி'யில் முடியும் வினையடை எப்படியும் அடுத்த சொல்லைத்தான் தழுவும், கோடு வேண்டாத வேலை. ஆனால் 'லி' என்றதும் எல்லாவற்றையும் அழித்துவிடாதீங்க. 'ஃபேமிலி' வினையடை இல்லை, அதனால் 'ஃபேமிலி-ஃப்ரெண்ட்லி காட்டேஜ்' என்பதில் கோடு இருக்கணும்.

மூன்றாவதில் 'பென்ட்ஸ்' தப்பு, 'பென்ட்' போதும். நாமும் 'மூன்று மாடி வீடு' என்கிறோமே தவிர 'மாடிகள் வீடு' என்பதில்லை. 'தி ரோடு ஹேஸ் ட்வென்டி ஹேர்பின் பென்ட்ஸ்' என்று பிரித்து எழுதினால் 'ஸ்' வரும், கோடு போகும்.

நான்காவதில் 'வெல் நோன்' பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் நிற்கிறது, கோடு வேண்டாம். 'எ வெல்-நோன் எஸ்டேட்' என்றால் வேணும்.

பதில் 2 (செவ்வாய்ப்பேட்டை):
கோடு அழகுக்கு இல்லை, பொருளே மாறும். 'ஓல்ட் சில்வர்-மெர்ச்சன்ட்' என்றால் வயதான வெள்ளி வியாபாரி. 'ஓல்ட்-சில்வர் மெர்ச்சன்ட்' என்றால் பழைய வெள்ளி வாங்கி விற்பவர். கோடே இல்லாவிட்டால் படிப்பவர் பாடு. தமிழில் 'வேலை கொடுத்தான்' (பணி), 'வேலைக் கொடுத்தான்' (வேல் என்ற ஆயுதம்) இரண்டையும் ஓர் ஒற்று பிரிக்கிற மாதிரிதான்.

'லாங், வைண்டிங் ரோடு' வேற கதை. நீளமான ரோடு, வளைந்த ரோடு என இரண்டும் தனித்தனியே பொருந்துவதால் அங்கே காற்புள்ளி.

பதில் 3:
அறை விவரத்தில் பலர் சறுக்குவது: 'டூ- அண்ட் த்ரீ-பெட்ரூம் காட்டேஜஸ்'. 'டூ'வுக்குப் பின் கோடு தொங்கலாக நிற்கும், அதன்பின் இடைவெளி. 'ஃபைவ்-கிலோமீட்டர் வாக்' என்று எழுத்தில் எழுதினால் கோடு. அலகைக் குறியீடாகப் போட்டால் எண்ணுக்குப்பின் வெறும் இடைவெளி. 'ஹேண்ட்மேட்' ஒரே சொல்.

அந்தத் தொங்கல் கோடு தவிர, மற்றபடி கோட்டின் இருபுறமும் இடம் விடாதீங்க. வேர்டில் 'லேக்-' மட்டும் வரி முடிவில் மாட்டிக்கொண்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஹைஃபன் மூன்றையும் சேர்த்து அழுத்துங்க, உடையாது.