ஆகஸ்டில் ராணுவத்திலிருந்து விடுபட்டேன். விர்ஜினியா ஆண்டு முழுச் சம்பளத்துக்கும் வரி கேட்கிறது

ஹூஸ்டன்_சிப்பாய்:
வணக்கம். 2015இல் ஹூஸ்டனில் இருந்தபோது மாவ்னி திட்டத்தில் (தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரைப் படையில் சேர்த்த திட்டம்) அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தேன். அவர்கள் தேடிய மொழிகளில் தமிழும் இருந்தது என் அதிர்ஷ்டம். கடைசி மூன்று ஆண்டுகள் வட கரோலினாவில், ஃபோர்ட் பிராகில் (அப்போது ஃபோர்ட் லிபர்ட்டி என்று பெயர் மாற்றியிருந்தார்கள்). 2024 ஆகஸ்ட் 31 கடைசி நாள். மறுநாள் விர்ஜினியாவில் ஹெர்ண்டனுக்குக் குடிவந்து, அந்த வாரமே வேலையிலும் சேர்ந்துவிட்டேன்.

ராணுவம் தந்த டபிள்யூ-2இல் (ஆண்டுச் சம்பளச் சான்று) 38,000 டாலர், மாநிலக் கட்டம் காலி. புதிய வேலையில் 30,000. விர்ஜினியா பிடித்தம் 1,450. வரி மென்பொருள் இரண்டையும் கூட்டிவிட்டு இன்னும் 1,660 டாலர் கட்டு என்கிறது. எங்கே தவறு?

காவிரிக்கரை:
மூன்று ஆண்டுகள் வட கரோலினாவில் இருந்தீர்களே, அங்கேயும் எட்டு மாதக் குடியிருப்பாளராகக் கணக்குக் காட்ட வேண்டாமா?

ஹெர்ண்டன்_அக்கா:
வேண்டாம். உத்தரவின் பேரில் ஓர் இடத்தில் இருப்பதாலேயே ராணுவத்தார் அந்த மாநிலத்தின் குடியிருப்பாளர் ஆவதில்லை. ராணுவச் சம்பளத்துக்கு வரி விதிக்கும் உரிமை சட்டபூர்வ வசிப்பிட மாநிலத்துக்கு மட்டும்தான். கூட்டாட்சிச் சட்டமே அப்படிச் சொல்கிறது. தம்பி, உங்கள் கடைசி எல்இஎஸ்-இல் (ராணுவச் சம்பளச் சீட்டு) மாநில வரிப் பகுதியில் என்ன எழுதியிருக்கிறது? சேர்ந்த ஊரைக் குறிக்கும் ஹோம் ஆஃப் ரெக்கார்டைப் பார்க்காதீர்கள், அது வேறு. டிடி-2058 படிவத்தில் நீங்கள் அறிவித்த மாநிலம்தான் இங்கே கணக்கு.

ஹூஸ்டன்_சிப்பாய்:
டெக்சாஸ் என்றிருக்கிறது, அக்கா. அதை நான் மாற்றவே இல்லை.

ஹெர்ண்டன்_அக்கா:
அப்படியானால் அந்த 38,000க்கு மாநில வரியே கிடையாது. டெக்சாஸில் வருமான வரி இல்லை. இப்போதைய முகவரியைப் பார்த்து மென்பொருள் உங்களை முழு ஆண்டு விர்ஜினியாக்காரர் ஆக்கி, முழு ஆண்டுக் குடியிருப்பாளருக்கான 760 படிவத்தைத் திறந்திருக்கும். மாநிலப் பகுதிக்குப் போய் 'பகுதி ஆண்டு' என்று மாற்றுங்கள், அதற்கான 760பிஒய் படிவம் வரும். வசித்த காலம் செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை. வருமானத்தைப் பிரிக்கச் சொல்லும்போது ராணுவச் சம்பளத்தை விர்ஜினியாவுக்கு வெளியே ஈட்டிய வருமானத்துக்கான பத்தியில் போடுங்கள். சில மென்பொருள்கள் நாள் கணக்கில் தாமாகவே பங்கு போட்டுவிடும், அப்படிச் செய்ய விடாதீர்கள். 366 நாளில் 122 நாள் என்பதால் 930 டாலர் தனிநபர் விலக்கு 310 ஆகக் குறையும். அது சரிதான், பயப்பட வேண்டாம்.

ராணுவத்திலிருந்து விடுபட்டதற்கான சான்றிதழ், டிடி-214, நகலைக் கையில் வைத்திருங்கள். பிறகு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் தேதிக்கு அதுதான் சாட்சி.

நெல்லைக்காரன்:
ஒரு கேள்வி விட்டுப்போயிற்று. ஃபோர்ட் பிராகில் இருந்தபோது வெளியே ஏதாவது சம்பாதித்தீர்களா?

ஹூஸ்டன்_சிப்பாய்:
வார இறுதிகளில் ஃபாயெட்வில்லில் உணவு டெலிவரி செய்தேன், அண்ணா. பெட்ரோல், வண்டிச் செலவு போக 3,000 டாலர். அதையும் காட்ட வேண்டுமா?

நெல்லைக்காரன்:
கட்டாயம். பாதுகாப்பு ராணுவச் சம்பளத்துக்குத்தான், பீட்சா கொண்டுபோய்க் கொடுத்ததற்கு இல்லை! வட கரோலினாவில் வெளிமாநிலத்தவராக டி-400 வரிப் படிவம், கூடவே அங்கே ஈட்டிய பங்கைக் காட்டும் ஷெட்யூல் பிஎன். 2024க்கு அங்கே 4.5 சதவீதம், நூறு டாலர் அளவில் வரும். விர்ஜினியா அந்தப் பணத்தைத் தொடாது என்பதால் வேறு மாநிலத்துக்குக் கட்டிய வரிக்காக அங்கே கிரெடிட் (வரிக் கழிவு) கேட்கும் வேலை இல்லை. கூட்டாட்சிக் கணக்கில் சுயதொழில் வருமானத்துக்கான ஷெட்யூல் சி தனி. வட கரோலினாவுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 15, விர்ஜினியாவுக்கு மே 1.

காவிரிக்கரை:
நான் சொன்னது தவறு, மன்னிக்கவும். அவருக்கு முன்னாள் படையினர் துறையின் (வி.ஏ.) உதவித்தொகை வந்தால் அதற்கும் வரி உண்டா?

ஹெர்ண்டன்_அக்கா:
ஊனமுற்றோர் இழப்பீடு, ஜிஐ பில் படிப்புத் தொகை இரண்டுக்கும் கிடையாது. விர்ஜினியாவுக்கும் வி.ஏ., முன்னாள் படையினர் துறைக்கும் வி.ஏ. என்பதால் இங்கே பாதிக் குழப்பம் இப்படித்தான் தொடங்குகிறது.

ஹூஸ்டன்_சிப்பாய்:
மாற்றிப் பார்த்தேன். 1,660 போய், இருநூறு டாலர் அளவில் திரும்ப வரும் என்று காட்டுகிறது. வட கரோலினாவுக்கு 110. டெலிவரிக் கணக்குக்கு மைலேஜ் எழுதிய நோட்டு பெட்டியில் எங்கோ இருக்கிறது. இன்று இரவு அதைத் தேட வேண்டும்.