வெயிலில் வெந்த தோல்: எங்களுக்கு நேர்ந்தவையும் வீட்டில் செய்தவையும்

கடலோரத்தான், கொழும்பு

கறுத்த தோலை வெயில் ஒன்றும் செய்யாது என்று 42 வயது வரை நம்பியிருந்தவன் நான். பருத்தித்துறைக் கடற்கரையில் சட்டையில்லாமல் பந்தடித்து வளர்ந்த காலத்தில் என் தோல் வெந்ததாக நினைவில்லை. வெந்திருந்தாலும் அதற்குத் தனியாக ஒரு பெயர் உண்டென்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. அதன் பின் 20 ஆண்டுகளாகக் கொழும்பில் குளிரூட்டிய அறைக்குள் கணக்கு எழுதுபவனுடைய முதுகு அந்தப் பழைய முதுகு அல்ல என்பதை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை.

கடந்த ஆடி மாதம் குடும்பத்தோடு திருகோணமலையில் இருக்கும் சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். நிலாவெளிக் கரையிலிருந்து படகேறினால் சிறிது நேரத்தில் புறாமலைக்குப் போய்விடலாம். 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்தச் சிறு தீவைச் சுற்றி, கரையை விட்டு அதிகம் விலகாமலேயே பவளப்பாறைகளைப் பார்க்க முடியும். கண்ணாடியும் மூச்சுக்குழாயும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, முகத்தை நீருக்கும் முதுகை வானத்துக்கும் கொடுத்தபடி முற்பகல் 11 மணியிலிருந்து இரண்டரை மணி நேரம் மிதந்தேன். வெயிலுக்கான களிம்பை முகத்தில் மட்டும் பூசியிருந்தேன். நீருக்குள் கிடக்கப்போகும் முகத்துக்குப் பூசிவிட்டு, வெளியே கிடக்கப்போகும் முதுகை மறந்ததை இப்போது மகன் எல்லாருக்கும் சொல்லிச் சிரிக்கிறான்.

கடல்நீரின் குளிர்ச்சியில் எதுவும் தெரியவில்லை. தோலை வேகவைப்பது வெயிலின் சூடு அன்று; அதில் கலந்து வரும் புறஊதாக் கதிர். அது படுவதை உடம்பு உணர்வதில்லை என்பதோடு, நீருக்குள் அரை மீற்றர் ஆழத்தில்கூட மேற்பரப்பில் இருப்பதில் சுமார் 40 சதவீதம் இறங்கிவிடுகிறது. ஆகவே நான் அவ்வப்போது மூழ்கி எழுந்ததும் என்னைக் காப்பாற்றவில்லை.

மாலை 6 மணியளவில் சட்டை உரசும் இடமெல்லாம் உப்புத்தாள் தேய்ப்பதுபோல் எரியத் தொடங்கியது. "தம்பி, திரும்பி நில்லும் பாப்பம்" என்றார் சின்னம்மா. வெள்ளைக்காரர்களுக்குப்போல் எனக்குச் செக்கச்செவேலென்று சிவக்கவில்லை. தோள்பட்டையிலிருந்து இடுப்புப் பட்டி வரை தோல் செம்பு நிறத்துக்குக் கறுத்து, இழுத்துக் கட்டிய பறையைப்போல் விறைத்து மினுங்கியது என்று மனைவி சொன்னாள். அவள் உள்ளங்கையை ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்தபோதே சூடு தெரிந்ததாம். முழங்காலின் பின்மடிப்பு இன்னும் மோசம். காலை நீட்டினாலும் மடக்கினாலும் உயிர் போனது. எங்களைப் போன்ற நிறத்தவர்கள் சிவப்பைத் தேடிக்கொண்டிராமல் சூட்டையும் விறைப்பையும் வலியையும் வைத்தே இதை அறிய வேண்டும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

சின்னம்மா நல்லெண்ணெய்ப் போத்தலோடு வந்துவிட்டார். தாதியாக வேலை பார்க்கும் அவருடைய மகள், எனக்கு அக்கா முறை, அப்போதுதான் பணி முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். "அம்மா, எண்ணெயை அங்கால வையுங்கோ. கொதிக்கிற சட்டிக்கு மூடி போடுற வேலை அது" என்று அங்கிருந்தே தடுத்தார். எண்ணெயும் நெய்யும் வாசலினும் புதிதாக வெந்த தோலில் படலமாகப் படிந்து சூட்டை உள்ளே அடைத்துவிடுமாம். பிள்ளைகள் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து அள்ளி வந்த பனிக்கட்டிக்கும் அனுமதி கிடைக்கவில்லை. வெந்த தோலின்மேல் பனிக்கட்டியை வைத்தால் குளிராலும் ஒரு காயம் உண்டாகக்கூடும் என்றார்.

கிணற்றடியில் ஒரு கதிரையைப் போட்டு என்னை உட்காரவைத்து, வாளித் தண்ணீரை மெதுவாக 15 நிமிடங்கள் தோளிலிருந்து வழியவிட்டார்கள். சவர்க்காரம் போடவில்லை. பின்னர் சின்னம்மாவின் பழைய நூல் சேலையைக் கிழித்து நனைத்து, முறுக்கிப் பிழிந்து, முதுகில் விரித்தார்கள். துணி சூடேறியதும் எடுத்து மறுபடி நனைத்துப் போடுவது மட்டுமே வேலை. அன்றிரவு மூன்று முறையும் மறுநாள் நான்கைந்து முறையும் அப்படிச் செய்தோம். துவாயால் துடைக்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முழுதும் காய்வதற்குள் மணமில்லாத, தண்ணீர்ப் பதமான ஈரப்பூச்சு ஒன்றைத் தடவினார் அக்கா.

முற்றத்தில் நின்ற கற்றாழையையும் பயன்படுத்தினோம். ஆனால் வெட்டியவுடன் பூசிவிடவில்லை. மடலை அடியோடு வெட்டி, வெட்டிய முனை கீழே இருக்கும்படி ஒரு கோப்பைக்குள் நிறுத்திவைத்தார்கள். கால் மணி நேரத்தில் மஞ்சள் நிறப் பால் வழிந்து கோப்பையின் அடியில் தேங்கியது. தோலை அரிக்கச் செய்வது அந்தப் பால்தான். அதன் பின் பச்சைத் தோலைச் சீவி, உள்ளிருந்த கண்ணாடிபோன்ற சோற்றை இரண்டு தண்ணீரில் அலசி, முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பார்த்து, அரிப்பில்லை என்று தெரிந்த பின்னரே முதுகுக்கு வந்தது. சுகம் என்றால் அதுதான் சுகம். ஆனால் அந்தச் சுகம் 20 நிமிடம்கூட நிற்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். எந்தப் பூச்சும் தோல் ஆறும் நாள்களைப் பெரிதாகக் குறைத்துவிடுவதில்லை. எரிச்சலைத் தாங்கும்படி செய்கின்றன, அவ்வளவே.

வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு எதுவும் இல்லையென்று கேட்டு உறுதிசெய்துகொண்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஐபுபுரூஃபன் ஒன்று கொடுத்தார் அக்கா. டெங்கு நடமாடும் காலத்தில் உடம்பில் காய்ச்சலும் இருந்தால் அதைத் தொடக் கூடாது, பனடோலே (பேரசிட்டமால்) போதும் என்றும் சொன்னார். தோல் வெந்தால் உடம்பின் நீர் அந்தப் பக்கமாக இழுபடுமாம். செவ்விளநீரும் மோரும் மாறி மாறி வந்தன. குப்புறப் படுத்துத்தான் தூங்கினேன்.

இது எரிந்து முடிந்த காயம் அன்று. வெயிலை விட்டு வந்த பிறகும் உள்ளே வேகிக்கொண்டே இருக்கும் காயம். எனக்கு வலி உச்சத்துக்கு வந்தது அன்றிரவில் அன்று, மறுநாள் நண்பகலில். மறுநாள் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போவதாகத் திட்டமிட்டிருந்தோம். ஏழு கிணற்றிலும் மற்றவர்கள் அள்ளி அள்ளிக் குளிக்க, நான் மரநிழலில் ஈரச்சேலையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்சியை நீங்களே கற்பனை செய்துகொள்ளலாம். ஐந்தாம் நாள் தோள்பட்டையில் வெங்காயச் சருகுபோல் உரியத் தொடங்கியது. தானாகக் கழன்றதை விட்டுவிட்டு, ஒட்டியிருந்ததை இழுக்காமல் ஈரப்பூச்சைத் தொடர்ந்தேன்.

மல்லிகைப்பந்தல், மதுரை

கடலோரத்தானின் சின்னம்மா எடுத்து வந்தது நல்லெண்ணெய். நான் எடுத்தது எலுமிச்சம்பழம். அதனால் என் கதை இன்னும் கொஞ்சம் நீளமாக இழுத்தது.

சென்ற மே மாதம் இராமேசுவரம் போனபோது தனுஷ்கோடியில் நண்பகலைக் கழித்தோம். 1964 புயலில் இடிந்த தேவாலயச் சுவர்களையும் அரிச்சல்முனையையும் பார்த்து முடிப்பதற்குள், ஒதுங்க நிழலே இல்லாத அந்த வெளிறிய மணலில், கழுத்தும் முன்கைகளும் வெந்துவிட்டன. மணலே வெயிலில் ஒரு பங்கை மேல்நோக்கித் திருப்பி அனுப்புவதால் குடையின் கீழ் நின்றும் பயனில்லாமல் போயிற்று.

கருமை போக எலுமிச்சைச் சாற்றில் தயிர் கலந்து பூசலாம் என்று எங்கோ படித்த நினைவில், மறுநாள் காலை விடுதியறையில் கழுத்தில் பூசினேன். எரிந்தது, எரிந்தால் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அரைகுறையாகக் கழுவிவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பி, வெளிவீதியில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றேன். இரண்டு நாள் கழித்துக் கழுத்திலிருந்து மார்பு நோக்கி மூன்று கோடுகள் கொப்பளித்தன. சாறு வழிந்தோடிய அதே தடத்தில், நுனியில் துளி நின்ற இடம் உருண்டையாகவே தெரிந்தது. எலுமிச்சைச் சாற்றில் இருக்கும் ஒரு பொருள் வெயில் பட்டவுடன் தோலைச் சுட்டுவிடும் என்றும், இதற்கும் முதல் நாள் வெயிற்காயத்துக்கும் நேரடித் தொடர்பில்லை என்றும் தோல் மருத்துவர் விளக்கினார். வெயிலில் வெந்த இடம் பத்து நாளில் ஆறியது. கோடுகள் கார்த்திகை வரை கறுப்பாகவே இருந்தன. கழுத்தை மூடிய ரவிக்கையாகத் தைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு கல்யாணங்களுக்குப் போனேன்.

தயிரை நான் குறை சொல்ல மாட்டேன். தனியாகக் குளிரப் பூசியபோது இதமாகத்தான் இருந்தது. ஆனால் கொப்புளமோ உடைந்த தோலோ இருக்கும் இடத்தில் அதையும் வைக்க வேண்டாம் என்று அதே மருத்துவர் சொன்னார். பற்பசை, மஞ்சள், சமையல் சோடா என்று பக்கத்து அறைக்காரர்கள் சொன்னவற்றை நல்லவேளையாக நான் முயலவில்லை.

சுழற்பந்துக்காரன், கோயம்புத்தூர்

எனக்கு 40 நிமிடத்தில் வெந்தது. அதே மைதானத்தில், அதே வெயிலில், என்னோடு ஆடிய பத்துப் பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. புறங்கை இரண்டிலும் மூக்கின் மேலும் மறுநாள் நீர்க்கொப்புளங்கள் எழும்பின.

காரணம் முகப்பருவுக்காக நான் மூன்று வாரமாக விழுங்கிக்கொண்டிருந்த டாக்சிசைக்ளின் மாத்திரை. அது தோலை வெயிலுக்குக் கூசச் செய்யும் மருந்து. மாத்திரை அட்டையோடு வந்த தாளில் அது அச்சிடப்பட்டே இருந்தது, நான்தான் படிக்கவில்லை. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர் மாத்திரைகளுக்கும் அந்தக் குணம் உண்டு என்று மருத்துவர் சொன்னபோது, தினமும் மொட்டை மாடியில் வற்றல் காயப்போடும் என் பாட்டியின் மாத்திரைப் பெட்டியைப் போய்ப் பார்த்தேன். இருந்தது. மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கொப்புளத்தை ஊசியால் குத்தி நீரை வெளியேற்றினால் சீக்கிரம் ஆறிவிடும் என்று அணித்தலைவர் சொன்னார், குத்தவில்லை. மேலே இருக்கும் மெல்லிய தோல்தான் உள்ளிருக்கும் புண்ணுக்கு இயற்கை போட்ட கட்டு. இடக்கையில் ஒன்று தானாக உடைந்தபோது சுத்தமான தண்ணீரில் கழுவி, தொங்கிய தோலைப் பிய்க்காமல் அப்படியே படியவைத்து, புண்ணில் ஒட்டாத வகைத் துணிக்கட்டை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். மரத்துப்போகச் செய்யும் பென்சோகெயின் களிம்பைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். அது சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பிப் புண்ணையே பெரிதாக்கிவிடும் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்ததால் வேண்டாமென்றேன்.

மூன்றாம் நாள் வலி போய் அரிப்பு வந்தது. வலியே தேவலை என்று தோன்றும் அரிப்பு. கொப்புளம் இல்லாத இடங்களில் காலமைன் லோஷனும், இரவில் ஒரு செட்ரிசினும் கைகொடுத்தன.

உப்பளத்து மகள், வேதாரண்யம்

எங்கள் ஊர் உப்பளத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையையும் கன்னங்களையும் துண்டால் சுற்றிக்கொள்வதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள், "இந்த வெக்கையில் எப்படித் தாங்குகிறீர்கள்?" என்று கேட்பார்கள். மேலே இருந்து வருவது பாதி, வெள்ளைப் பாத்தியிலிருந்து முகத்தில் அடிப்பது மீதி என்று அம்மா சொல்வார். சிறுவயதில் நான் தலையில் மட்டும் துண்டைப் போட்டுக்கொண்டு சோறு கொண்டுபோய்க் கொடுத்த ஒரு நாளில் மோவாயின் அடிப்புறமும் மூக்குத் துவாரத்தின் விளிம்பும் வெந்தன. அம்மா செய்தது நனைத்த துணியும், உப்புப் போட்ட நீராகாரமும், இரண்டு நாளுக்கு வீட்டை விட்டு வெளியே விடாததும்தான்.

இளந்தாய், சேலம்

ஏற்காட்டுக்குப் போய் வந்தோம். குளிராகத்தானே இருக்கிறது என்று எட்டு மாதக் குழந்தையைத் தொப்பி இல்லாமல் வைத்திருந்துவிட்டேன். இப்போது நெற்றியும் கன்னமும் சூடாக இருக்கின்றன. கொப்புளம் இல்லை, பால் குடிக்கிறான், ஆனால் சிணுங்கிக்கொண்டே இருக்கிறான். பெரியவர்களுக்குச் சொன்னவற்றையெல்லாம் இவனுக்கும் செய்யலாமா என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

கடலோரத்தான், கொழும்பு

அம்மா, அக்காவிடம் தொலைபேசியில் இப்போதுதான் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வெயிலில் தோல் வெந்தால், கொப்புளம் இல்லாவிட்டாலும், வீட்டு வைத்தியத்தோடு நிறுத்தாமல் இன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். போகும் வரை நெற்றியில் ஈரத்துணியைச் சிறிது நேரம் வைத்து எடுக்கலாம். குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி உடம்பை நடுங்கவிட வேண்டாம். பாலை அடிக்கடி கொடுங்கள். சிறுநீர் எத்தனை முறை போகிறான் என்று கவனியுங்கள். ஆஸ்பிரின் எந்த வடிவிலும் கூடாது. கற்றாழை, களிம்பு எதையும் நீங்களாகப் பூச வேண்டாம். மூன்று நான்கு மணி நேரமாகத் துணியைச் சிறுநீரால் நனைக்கவில்லை என்றாலோ, துவண்டு கிடந்தாலோ, உடம்பு கொதித்தாலோ, வாந்தி எடுத்தாலோ முறை வரட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மலையில் குளிர் அடிப்பதால் ஏமாந்துபோனீர்கள், நான் கடல்நீரின் குளிர்ச்சியில் ஏமாந்ததுபோல. உயரம் 1000 மீற்றர் கூடும்போது புறஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது என்று அக்கா சொன்னார். உங்கள்மேல் பிழை இல்லை.

பெரியவர்களுக்கும் வீட்டு வைத்தியத்தின் எல்லை எதுவென்று அவரிடம் கேட்டுவைத்தேன். முதுகு முழுவதும் அல்லது கால் முழுவதும் கொப்புளம் எழும்பினால், நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், தலைசுற்றி நிற்க முடியாவிட்டால், பேச்சுத் தடுமாறினால், கண் கூசி வலித்தால், இரண்டு மூன்று நாளாகியும் வலி கூடிக்கொண்டே போனால், புண்ணில் சீழ் பிடித்தால் ஈரச்சேலையை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது.

இளந்தாய், சேலம்

காட்டிவிட்டு வந்தோம். மேல்தோல் மட்டும்தான் வெந்திருக்கிறதாம். மருத்துவர் எடைக்கு ஏற்றபடி பேரசிட்டமால் சொட்டு மருந்தும், தடவுவதற்கு மணமில்லாத பூச்சு ஒன்றும் எழுதிக் கொடுத்தார். நான்கு மணிக்கு மேல் இரண்டு முறை துணியை நனைத்துவிட்டான். இப்போது தூங்குகிறான். மாமியார் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை இன்னும் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்.