மருந்துவாழ் மலைக்கு மெல்லிய சோல் ஷூ சரிப்படுமா?

பார்வதிபுரம் ஓட்டம்:
எல்லோருக்கும் வணக்கம். இதுவரை ரோட்டில் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தேன். இப்போது எங்கள் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் நம் குமரி மாவட்டத்து மருந்துவாழ் மலைக்கும், சில வாரம் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டப் பாதைகளுக்கும் போகிறது. என்னிடம் இருப்பது குதிகால் தடித்த ரோடு ஷூ. ஒன்று 300 கிராம் வரும். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசம், அதாவது டிராப், 10 மி.மீ. மலை இறங்கும்போது கால் பக்கவாட்டில் சாய்கிறது. எடை குறைந்த, ஜீரோ டிராப், மெல்லிய சோல் ஷூ வாங்கலாமா என்று யோசிக்கிறேன். குழுவில் பாதிப் பேர் வாங்கு என்கிறார்கள், மீதிப் பேர் காலைக் கெடுத்துக்கொள்ளாதே என்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

குலசேகரம் செம்மண்:
தயங்காமல் வாங்குங்கள் தம்பி. கால் சாய்வதற்குக் காரணமே அந்த உயரம்தான். பாதம் தரையிலிருந்து மூன்று சென்டிமீட்டர் மேலே நிற்கிறது. கல்லின் விளிம்பில் மிதித்தால் அந்த உயரமே கணுக்காலைப் புரட்டிவிடும். மெல்லிய சோலில் கல் இருப்பது பாதத்துக்கு உடனே தெரியும், முழு எடையும் இறங்குவதற்குள் கால் தானாக ஒதுங்கிக்கொள்ளும்.

தை, மாசியில் எங்கள் பக்கம் வந்து பாருங்கள். ரப்பர் இலை மொத்தமும் உதிர்ந்து பாதை தெரியாமல் மூடிக் கிடக்கும். அடியில் இருப்பது வேரா, கல்லா, பழைய காய் ஓடா என்று கண்ணால் சொல்ல முடியாது. அங்கே பாதம்தான் பார்க்க வேண்டும், தடித்த சோல் அதன் கண்ணைக் கட்டிவிடுகிறது.

எடையும் சின்ன விஷயம் இல்லை. ஷூ ஒன்றுக்கு 100 கிராம் கூடினால் ஓட்டத்துக்குச் செலவாகும் ஆக்சிஜன் ஏறக்குறைய 1 சதவீதம் கூடும். ஏற்றத்தில் அது நன்றாகவே உறைக்கும்.

இன்னொன்று. நம் மாவட்டத்தில் சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் நடக்கிறது. திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை 12 கோயில்கள், நூறு கிலோமீட்டருக்கு மேல். காவி கட்டி, கையில் பனையோலை விசிறியோடு "கோவிந்தா கோபாலா" என்று வெறுங்காலில் ஓடுகிறார்கள். இப்படி ஓடும் மண்ணில் பிறந்த நமக்கு மூன்று சென்டிமீட்டர் நுரை எதற்கு?

வடசேரி பிசியோ:
சிவாலய ஓட்டத்தை இதற்கு உதாரணமாகக் காட்டுவதை ஏற்க முடியவில்லை அண்ணே. அது விரதமிருந்து செய்கிற வழிபாடு, ஆண்டுக்கு ஒரு தடவை. பலர் ஓட்டமும் நடையுமாகத்தான் போகிறார்கள். மறுநாள் பாதம் முழுக்கக் கொப்பளத்தோடு வருபவர்களுக்கு நான் மருந்து போட்டிருக்கிறேன். பக்தியில் ஒரு நாள் தாங்கிக்கொள்வதை, வாராவாரம் செய்யும் பயிற்சிக்கு அளவுகோலாக எடுக்கக் கூடாது.

தம்பிக்குச் சொல்கிறேன். மெல்லிய சோல் சுமையைக் குறைக்காது, இடம் மாற்றும். முழங்காலுக்கு வரும் பளு கொஞ்சம் குறையலாம். அந்தப் பளு கெண்டைக்காலுக்கும், குதிகால் தசைநாணுக்கும், முன்பாதத்து நீள எலும்புகளுக்கும் போய்ச் சேரும். 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 36 ஓட்டக்காரர்களை எடுத்துக்கொண்டு, 19 பேரை 10 வாரத்தில் படிப்படியாக, விரலுக்கு விரல் தனி உறை வைத்த மெல்லிய ஐவிரல் ஷூவுக்கு மாற்றினார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது அதில் 10 பேருக்குப் பாத எலும்புக்குள் நீர்க்கோப்பு அதிகரித்திருந்தது. எலும்பு முறிவுக்கு முந்தைய நிலை அதுவாக இருக்கக்கூடும். இந்த ஷூ தசையை வலுவாக்கும், காயத்தைக் குறைக்கும் என்ற விளம்பரத்துக்காக அமெரிக்காவில் அதைத் தயாரிக்கும் வைப்ரம் நிறுவனத்தின் மீது வழக்கு வந்து, 2014-இல் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசமானது.

குலசேகரம் செம்மண்:
10 வாரம் என்று நீங்களே சொல்கிறீர்கள். இருபது, முப்பது வருடம் குஷனில் வளர்ந்த காலுக்கு 10 வாரம் எப்படிப் போதும்? அவசரத்தின் குற்றத்தை ஷூவின் தலையில் கட்ட வேண்டாம். 2010-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டேனியல் லிபர்மேன் குழுவின் ஆய்வு நேச்சர் இதழில் வந்தது. வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், குதிகாலில் இறங்கும்போது வருகிற திடீர் இடி அவர்களுக்கு வருவதில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா வெறுங்காலோடு மாரத்தான் ஓடி உலக சாதனையே படைத்தார்.

வடசேரி பிசியோ:
அதே பிகிலா 1964 டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி, 2 மணி 12 நிமிடத்தில் முடித்தார். ரோமைவிட மூன்று நிமிடம் குறைவு. லிபர்மேன் ஆய்வில் வருகிற கென்யக்காரர்களில் பலர் ஷூ இல்லாமலே வளர்ந்தவர்கள். இடி குறைந்தால் காயமும் குறையும் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, கால் தரையில் இறங்கும் விதத்தைத்தான் அளந்தது. நம் பையன்கள் எல்.கே.ஜி.யிலிருந்து ஷூ மாட்டியவர்கள். அவர்கள் பாதத்துக்கு முதலில் அவகாசம் கொடுங்கள்.

தோவாளை மலர்:
இரண்டு பேரும் காலைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பி ஓடப்போகிற தரையைப் பற்றியும் பேச வேண்டாமா?

மருந்துவாழ் மலையில் கீழே படி இருக்கிறது. மேலே போகப் போகப் பாறையும் உருண்டைக் கல்லும்தான். பாறையில் சோலின் தடிமனைவிட ரப்பரின் தன்மைதான் முக்கியம். மென்மையான ரப்பர் ஒட்டும், கெட்டியானது ஈரம் பட்டதும் வழுக்கும். ஆழமான பல் வைத்த சோல் சேற்றுக்கு நல்லது, ஆனால் வழவழப்பான பாறையில் பல் நுனி மட்டும்தான் படும். அதனால் கிராமைப் பார்க்கும் முன் சோலை நகத்தால் அழுத்திப் பாருங்கள்.

கீரிப்பாறைப் பக்கம் வேறு கதை. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஆனியிலும் சேறு, ஐப்பசியிலும் சேறு. மெல்லிய வலைத்துணி ஷூவில் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும், அது பெரிய வசதி. அட்டைப்பூச்சி காலில் ஏறுவதும் அவ்வளவே சுலபம், முழங்கால் வரை இறுக்கமான சாக்ஸ் போடாமல் போகாதீர்கள். தோட்ட ரோட்டில் ஜல்லி பெயர்ந்து நிற்கிற இடங்களில் 6 மி.மீ. சோலோடு இறங்கினால் முன்பாதம் கன்றிப் போகும். குலசேகரம் அண்ணன் ஓடுவது செம்மண். அவருக்கு அது மெத்தை.

இன்னொன்றையும் பாருங்கள். நம்மில் பலருக்குப் பாதம் முன்பக்கம் அகலம். கூம்பிய ஷூவில் மலை இறங்கினால் பெருவிரல் நகம் கறுத்துவிடும். சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், உள் அட்டையை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன் மேல் நில்லுங்கள். சுண்டுவிரல் அட்டைக்கு வெளியே பிதுங்கினால் அந்த ஷூ வேண்டாம், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் சரி.

பார்வதிபுரம் ஓட்டம்:
நன்றி அக்கா. அப்படியென்றால் நடுவழியாக, குஷன் உள்ள ஜீரோ டிராப் எடுக்கலாமா? ஆல்ட்ரா கம்பெனி ஷூ மாதிரி?

வடசேரி பிசியோ:
குஷன் இருந்தாலும் ஜீரோ டிராப் கெண்டைக்காலை இழுக்கத்தான் செய்யும். 10-லிருந்து நேராக 0-வுக்குப் போகாதீர்கள். 4 முதல் 6 மி.மீ. டிராப், அகலமான முன்பக்கம், கல் குத்தாமல் உள்ளே தகடு வைத்த டிரெயில் ஷூ, அதாவது மலை, காட்டுப் பாதைக்கான ஷூ. 250 கிராமில் கிடைக்கும், இப்போதைக்கு அது போதும்.

குலசேகரம் செம்மண்:
தகடு வைத்துவிட்டால் தரை எங்கே தெரியும்? அதில் நான் உடன்பட மாட்டேன். மலைக்கு நீங்கள் சொல்லும் ஷூ இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாள் செம்மண்ணில், ஓட்டத்தின் கடைசிப் பத்து நிமிடம் மட்டும் மெல்லிய ஷூ போடட்டும். மாதக்கணக்கில் மெதுவாகக் கூட்டட்டும். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலோ முன்பாதமோ வலித்தால் அந்த வாரம் நிறுத்திவிட வேண்டும். இப்படிப் பழகியவர்களைத்தான் நான் எங்கள் பாதையில் தினமும் பார்க்கிறேன்.

வடசேரி பிசியோ:
அந்தப் பத்து நிமிடத்துக்கு எனக்கு ஆட்சேபம் இல்லை, முதல் சில வாரம் ஓடாமல் நடந்தால். ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சியும் கூடவே வேண்டும். ஒரு காலுக்கு 20 முறை வலியில்லாமல் வந்த பிறகு ஓடட்டும்.

பார்வதிபுரம் ஓட்டம்:
சரி, மலைக்கு 4 மி.மீ. டிராப் ஷூவே வாங்குகிறேன். மெல்லியதற்குக் காசு போடும் முன் ஒரு தடவை போட்டுப் பார்க்க ஆசை. நான் கேட்ட கடைகளில் இல்லை.

குலசேகரம் செம்மண்:
உங்கள் அளவு 9 என்றால் என்னுடையதே சரியாக இருக்கும். ஞாயிறு காலை ஆறு மணிக்குள் வந்துவிடுங்கள் மக்களே, வெயில் ஏறும் முன் தோட்டத்தில் நடந்து பார்க்கலாம். பிசியோ தம்பியும் வரட்டும்.