பால் கட்டு என்றுதான் நினைத்தேன்

மார்பகப் புற்றுநோய் வந்தபோது எனக்கு 34 வயது. இளையவளுக்கு ஏழு மாதம். இடது மார்பில், அக்குளை ஒட்டி, புளியங்கொட்டை அளவில் ஒன்று கையில் தட்டுப்பட்டது. பால் கட்டியிருக்கும் என்று மாமியார் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். பால் கட்டினால் தொட முடியாது, அனலாகக் கொதிக்கும். இது கொதிக்கவும் இல்லை, வலிக்கவும் இல்லை. வலிக்கவில்லையே என்று நிம்மதியாக வேறு இருந்தேன். போய்க் காட்டிய இடத்திலும், குழந்தை பால்குடி மறந்தால் கரைந்துவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். நான்கு மாதம் அப்படியே போயிற்று.

அடுத்துப் பார்த்த மருத்துவர் விரலை வைத்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். அன்றே அல்ட்ராசவுண்ட், மறுநாள் பயாப்சி. மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். ஆனாலும் சதையைக் கிள்ளி எடுக்கும் கருவி ‘டக்’கென்று அடித்தபோது தூக்கிவாரிப்போட்டது. முடிவு, புற்றுநோய். அதிலும் ஹெர்-2 என்ற புரதம் செல்களில் அதிகமாக இருக்கும் ‘ஹெர்-2 பாசிட்டிவ்’ வகை. மகளுக்குப் பாலை நிறுத்தினேன். கீமோ, அறுவை சிகிச்சை, ரேடியேஷன், கூடவே மூன்று வாரத்துக்கு ஒருமுறை அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி, ஓராண்டுக்கு. கீமோவில் ஒரு மருந்து ரோஜா சர்பத் நிறம். அன்று மாலை சிறுநீர் சிவப்பாகப் போனதும் ரத்தம் என்று அலறிவிட்டேன். மருந்தின் சாயம்தானாம். முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

* * *

மேலே எழுதிய தங்கையே, எனக்குக் கட்டியே இல்லை. 56 வயதில் அண்ணிக்குத் துணையாகப் போன இடத்தில் நானும் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுத்துக்கொண்டேன். அக்குளில் போட்டிருந்த பவுடரைத் துடைத்துவிட்டு வரச் சொன்னார்கள். படத்தில் அது சுண்ணாம்புத் துகள் போலத் தெரியுமாம். இரண்டு தட்டுகளுக்கு நடுவே சில நொடிகள் அழுத்துவார்கள், பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். என் படத்தில் தெரிந்தவை நிஜமான துகள்கள். சோதித்ததில், பால் குழாயைத் தாண்டாத ஆரம்பக்கட்டப் புற்றுநோய். அந்த இடத்தை மட்டும் எடுத்து, 15 நாள் ரேடியேஷன் கொடுத்தார்கள், கீமோ இல்லை. ஐந்தாண்டுக்குப் போட வேண்டிய ஹார்மோன் தடுப்பு மாத்திரைதான் பாடாய்ப்படுத்துகிறது. காலையில் விரல் மடங்குவதில்லை, தோசைக் கரண்டியைப் பிடிக்கவே வெந்நீரில் கை வைக்க வேண்டியிருக்கிறது. 29 வயது மகளுக்கும் எடுக்கலாமா என்று கேட்டேன். இளவயதில் மார்பகம் அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் சரியாகத் தெரியாது, ஏதாவது தட்டுப்பட்டால் முதலில் அல்ட்ராசவுண்ட் என்றார் மருத்துவர்.

* * *

என் வீட்டில் நோய் வந்தது அம்மாவுக்கு, வயது 71. மார்பில் இருந்த கட்டியை ஓராண்டாக மறைத்திருக்கிறார். துவைக்கப் போட்ட ரவிக்கையில் கறையைப் பார்த்துத்தான் நான் கண்டுபிடித்தேன். “இந்த வயதில் இதை யாரிடம் காட்டுவது?” என்றார். ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையில் கட்டி ஓரளவு சுருங்கிய பிறகு மார்பையும் அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். அந்தப் பக்கக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, ஊசி போடக் கூடாது என்றதால், செவிலியர் வருவதற்குள்ளேயே மற்ற கையை நீட்டிவிடுவார். ரவிக்கைக்குள் வைக்கப் பஞ்சுப் பொதி தைத்துக் கொடுத்தேன். எடை இல்லாததால் மேலே ஏறிக்கொண்டது. இப்போது அவரே கேழ்வரகு நிரப்பித் தைத்துக்கொள்கிறார். மாதம் ஒருமுறை பிரித்து மாற்றிவிட வேண்டுமாம், இல்லையென்றால் வண்டு வந்துவிடுகிறது.