சீகாக்: தூம்பும் மடையும்

குழுவினருக்கு வணக்கம்.

பயணப் பாய்ப்படகுக்கான குழாயமைப்புச் சொற்பட்டியலில் ‘சீகாக்’ (seacock: படகுக்குள் கடல்நீர் வரும், போகும் வழியைத் திறந்து மூடும் வால்வு) என்பதற்குக் ‘கடலடைப்பான்’ என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. ‘காக்’ என்பதைச் சேவல் என்று கொண்டு அது ‘கடற்சேவல்’ ஆகாமல் தப்பியதே பெரிது என்றாலும், வெவ்வேறான இரண்டு உறுப்புகளை இச்சொல் ஒன்றாக்கிவிடுகிறது.

படகின் உடலைத் துளைத்து, பெரும்பாலும் நீர்மட்டத்துக்குக் கீழே, பொருத்தப்படும் வெண்கலக் குழல் ஒன்று. அதன் உட்புறத்தில் திருகி அமர்த்தப்படும் வால்வு மற்றொன்று. கழிப்பறைக் குழாய் கழன்றால் வால்வை மூடிவிடலாம். குழலே முறிந்தால் வால்வால் பயனில்லை. அருகில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் கூம்பு வடிவ மர ஆப்பை அத்துளையில் அடித்து இறுக்குவதுதான் வழி. எனவே இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும்.

நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று ராஜசிங்கமங்கலம் கண்மாயைப் புகழும் இராமநாதபுரம் மாவட்டத்தில் இதற்குச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. கரையை ஊடுருவிச் செல்லும் நீர்வழியைக் குறிக்கும் தூம்பைக் கொண்டு குழலை ‘உடல்தூம்பு’ என்றும், திறந்து மூடும் வால்வைத் ‘தூம்புமடை’ என்றும் சொல்லலாம். மடை நீரை வெளியே விடுவதற்கு மட்டும்தானே என்று சிலர் தடை எழுப்பக்கூடும். ஆனால் கழிப்பறைக்குக் கடல்நீரை எடுக்க ஒரு வால்வும், கழிவை வெளியேற்ற மற்றொரு வால்வும் தனித்தனியே இருப்பதால், கண்மாய்க் கால்வாய்களின் வழக்கைப் பின்பற்றி அவற்றை வரத்துமடை, போக்குமடை என்றே பிரித்துவிடலாம். விளக்கக் குறிப்பில் இரண்டு செய்திகள் இடம்பெற வேண்டும்: கைப்பிடி குழாயின் போக்கில் நின்றால் திறப்பு, குறுக்கே நின்றால் அடைப்பு; சாதாரணப் பித்தளையிலுள்ள துத்தநாகத்தைக் கடல்நீர் அரித்துவிடும் என்பதால் வெண்கலமே ஏற்றது.

கழிப்பறைக் கிண்ணம் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்போது கடல்நீர் தானாக உறிஞ்சி ஏறாதபடி, குழாயை உயர வளைத்து உச்சியில் காற்று புக வழிவிடும் பகுதிக்குக் ‘காற்றுவாய் வளைவு’ போதும்.

கழிவைச் சேர்த்துவைக்கும் கலனுக்குத் ‘தேக்குத்தொட்டி’ என்பதை ஏற்கிறேன். கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கையான மார்ப்போலில், பெரிய கப்பல்களுக்கான நான்காம் இணைப்பு, சுத்திகரிக்காத கழிவை நிலத்திலிருந்து 12 கடல்மைலுக்கு, அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டருக்கு, அப்பால்தான் விட அனுமதிக்கிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள தொலைவே சுமார் 30 கிலோமீட்டர் என்பதால், இரு கரைக்கும் நடுவே அந்த அளவுக்கு விலகி நிற்க இடமே இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. ஆகவே சிறு படகானாலும், இக்கடலில் போக்குமடையை அடைத்துவைத்துத் தேக்குத்தொட்டியையே பயன்படுத்த வேண்டும் என்ற வரியையும் பட்டியலில் சேர்க்கக் கோருகிறேன்.

பாம்பன், மண்டபம் பகுதிகளில் படகு கட்டுவோர் இத்துளைக்கு வேறு பெயர் வழங்கினால், என் ‘உடல்தூம்பை’ நீக்கி அதையே முதற்சொல்லாக வைக்கலாம்.